பிரான்சிஸ் அஸ்பரி

பிரான்சிஸ் அஸ்பரி (ஆகஸ்ட் 20 அல்லது 21, 1745 - மார்ச் 31, 1816) இங்கிலாந்தில் பிறந்து, வட அமெரிக்காவில் ஏறத்தாழ 45 ஆண்டுகள் பணியாற்றிய கிறித்தவப் போதகர் ஆவார். அமெரிக்க மெதடிஸ்த திருச்சபையின் முதல் பேராயர்களுள் ஒருவர். பருவகாலங்களுக்கு ஏற்ப ஆண்டுதோறும் வடக்கும் தெற்குமாகக் குதிரையில் பயணம் செய்து போதித்ததன் மூலம், சில நூறு பேர் கொண்ட ஓர் இயக்கத்தை இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட திருச்சபையாக வளர்த்தவர் என அறியப்படுகிறார். முப்பதாவது வயதில் தாய்நாடு திரும்ப எண்ணியிருந்த இவர், இறுதிவரை இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவிலும் இவருக்குச் சொந்த வீடு இருந்ததில்லை.

இளமைப் பருவம்

அஸ்பரி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அருகே, ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள ஹாண்ட்ஸ்வொர்த்தில் பிறந்தார். தந்தை ஜோசப் அஸ்பரி செல்வந்தர் வீடுகளில் தோட்ட வேலை செய்தவர். தாயார் எலிசபெத். இவருடைய ஒரே தமக்கையான சாரா சிறு வயதிலேயே இறந்துவிட்டார். அத்துயரத்தால் வாடிய தாயார், ஆறுதல் தேடிச் சமய நூல்களையும் வழிபாட்டுக் கூட்டங்களையும் நாடினார். எஞ்சியிருந்த ஒரே பிள்ளையான பிரான்சிஸ் சமய ஈடுபாட்டுடன் வளர்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணமாக அமைந்தது.

பின்னர் இக்குடும்பம் கிரேட் பார் என்னும் ஊரில் ஒரு சிறு வீட்டில் குடியேறியது. பள்ளி ஆசிரியரின் கொடுமை தாங்காமல் அஸ்பரி இளம் வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டார். அதன்பின் பதின்மூன்று வயதளவில் உலோகத் தொழில் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்து, ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் பணிபுரிந்தார். இக்காலத்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்த இயக்கத்தின் கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கினார். பகலில் வேலையும், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போதனையுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. இருபத்தோராம் வயதில் தொழிலை விட்டு, ஊர் ஊராகச் சென்று போதிக்கும் முழுநேரப் போதகரானார்.

அமெரிக்காவுக்குப் புறப்படுதல்

1771 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் நடந்த மெதடிஸ்த மாநாட்டில், அமெரிக்கக் குடியேற்றங்களில் பணியாற்ற முன்வருவோர் யார் என வெஸ்லி கேட்டார். முன்வந்தவர்களில் அஸ்பரியும் ரிச்சர்ட் ரைட் என்பவரும் தெரிவு செய்யப்பட்டனர். அப்போது அஸ்பரிக்கு வயது 25. ஒரே மகனைப் பிரிவது பெற்றோருக்கு வேதனை அளித்தபோதும் அவர்கள் இசைந்தனர். பெற்றோரிடம் விடைபெற்றுத் துறைமுகம் வந்தபோது இவர் கையில் காசு எதுவும் இருக்கவில்லை. பிரிஸ்டல் நண்பர்களே உடைகளும் பத்துப் பவுன் பணமும் தந்து உதவினர்.

செப்டம்பர் 4, 1771 அன்று கப்பல் புறப்பட்டது. பயணத்தின் தொடக்கத்தில் கடல் நோயால் துன்புற்ற இவர், படுக்கை எதுவுமின்றி இரண்டு கம்பளிகளுடன் பலகையின் மேல் உறங்கினார். அக்டோபர் 27 அன்று கப்பல் பிலடெல்பியாவை அடைந்தது. அக்காலத்தில் இவ்வாறு அனுப்பப்பட்டவர்கள் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்புவது வழக்கமாக இருந்தது. அஸ்பரியும் அவ்வாறே எண்ணியிருந்தார்.

சுற்றுப்பயண முறை

அஸ்பரிக்கு முன்னதாக 1769 இல் வெஸ்லி அனுப்பிய ரிச்சர்ட் போர்ட்மன், ஜோசப் பில்மோர் ஆகிய இருவரும் பெரும்பாலும் பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய இரு நகரங்களிலேயே மாறி மாறித் தங்கிப் பணியாற்றி வந்தனர். குளிர்காலம் முழுவதும் நகரத்திலேயே தங்கிவிடும் இவ்வழக்கத்தை அஸ்பரி ஏற்கவில்லை. மக்களில் பெரும்பாலோர் நாட்டுப்புறங்களில் சிதறி வாழ்ந்ததால், போதகர்களே அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு. அமெரிக்கா வந்த சில வாரங்களிலேயே, குளிரையும் பொருட்படுத்தாமல், நியூயார்க்கைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குப் போதிக்கச் சென்றார்.

இம்முறையில் ஒரு போதகருக்குப் பல ஊர்கள் அடங்கிய ஒரு சுற்றுவட்டம் ஒதுக்கப்படும். அவர் குதிரையில் ஊர் ஊராகச் சென்று, வீடுகளிலும் களஞ்சியங்களிலும் மரத்தடிகளிலும் போதித்து, சில வாரங்களில் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவார். ஓரிரு ஆண்டுகளுக்குள் வேறு வட்டத்துக்கு மாற்றப்படுவார். எவரும் ஓரிடத்தில் வேரூன்றிவிடக் கூடாது என்பதே இதன் அடிப்படை. புதிய குடியேற்றங்கள் மேற்கு நோக்கி விரிந்துகொண்டிருந்த காலத்தில், கட்டடமோ நிரந்தரச் சம்பளமோ வேண்டாத இம்முறை விரைவாகப் பரவியது.

விடுதலைப் போர்க் காலம்

1775 இல் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது. அதே ஆண்டில் வெஸ்லி அரசருக்கு ஆதரவாகக் குடியேற்ற மக்களுக்கு அறிவுரை கூறும் சிறு நூலொன்றை வெளியிட்டார். இதனால் அமெரிக்காவில் இருந்த மெதடிஸ்த போதகர்கள் அனைவரும் ஐயத்துக்கு உள்ளாயினர். வெஸ்லி அனுப்பிய போதகர்கள் ஒவ்வொருவராகத் தாயகம் திரும்பத் தொடங்கினர். அஸ்பரியையும் திரும்பி வருமாறு வெஸ்லி அதே ஆண்டில் எழுதியிருந்தார். எனினும் இவர் செல்லவில்லை.

1778 இல் இவருடைய நெருங்கிய நண்பரான ஜார்ஜ் ஷாட்போர்டும் ஊர் திரும்பும் எண்ணத்துக்கு வந்தார். இருவரும் ஒருநாள் முழுவதும் நோன்பிருந்து வேண்டுதல் செய்தனர். முடிவில், தாம் போகலாம் என ஷாட்போர்டும், தாம் இருக்க வேண்டும் என அஸ்பரியும் உணர்ந்ததாகக் கூறப்படுகிறது. நண்பர் சென்றபின், வெஸ்லி அனுப்பியவர்களில் மெதடிஸ்த பணியில் எஞ்சியிருந்தவர் அஸ்பரி மட்டுமே.

மேரிலாந்து மாநிலம் கோரிய உறுதிமொழியை ஏற்க மனம் இடந்தராததால், இவர் அண்டை மாநிலமான டெலவேரில் தாமஸ் வைட் என்னும் நீதிபதியின் வீட்டில் தஞ்சம் புகுந்தார். தொடக்கத்தில் வெளியே நடமாடவும் இயலாத நிலை இருந்தது. 1780 வரை இவரது பணி பெரும்பாலும் அப்பகுதிக்குள்ளேயே நடந்தது. போரினால் கடல்வழி அஞ்சல் தடைப்பட்டதால், பெற்றோருடனான கடிதத் தொடர்பும் பாதிக்கப்பட்டது. மற்றவர்கள் சென்றபோதும் இவர் தங்கியிருந்தது, போருக்குப் பின் அமெரிக்கப் போதகர்களிடையே இவருக்குத் தனி மதிப்பை உருவாக்கியது.

கிறிஸ்துமஸ் மாநாடு

போர் முடிந்தபின் அமெரிக்க மெதடிஸ்தர்களுக்கு ஞானஸ்நானமும் திருவிருந்தும் வழங்கத் தகுதிபெற்ற குருமார் போதிய அளவில் இருக்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் குருமாரில் பலர் நாட்டைவிட்டுச் சென்றிருந்தனர். எனவே 1784 இல் வெஸ்லி, தாமஸ் கோக் என்பவரையும் மேலும் இருவரையும் அமெரிக்காவுக்கு அனுப்பி, கோக்கையும் அஸ்பரியையும் கண்காணிப்பாளர்களாக நியமித்தார்.

வெஸ்லியின் நியமனம் மட்டும் போதாது, அமெரிக்கப் போதகர்களும் தம்மைத் தெரிவு செய்ய வேண்டும் என அஸ்பரி வலியுறுத்தினார். இதற்காக 1784 டிசம்பர் இறுதியில் பால்டிமோர் நகரில் கூடிய மாநாடு 'கிறிஸ்துமஸ் மாநாடு' எனப்படுகிறது. இங்கு மெதடிஸ்த எபிஸ்கோபல் திருச்சபை நிறுவப்பட்டது. அஸ்பரி ஒருமனதாகத் தெரிவு செய்யப்பட்டு, அடுத்தடுத்த மூன்று நாட்களில் உதவிக்குருவாகவும், குருவாகவும், கண்காணிப்பாளராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். சில ஆண்டுகளில் கண்காணிப்பாளர் என்பதற்குப் பதிலாகப் பேராயர் என்னும் சொல் வழக்கத்துக்கு வந்தது. இதனை வெஸ்லி 1788 இல் எழுதிய கடிதத்தில் கடுமையாகக் கண்டித்தார்.

கோக் தம் வாழ்நாளில் பலமுறை அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து இரு நாடுகளுக்கும் இடையே சென்று வந்தார். அவருடன் இணையான பொறுப்பில் இருந்த அஸ்பரி, 1771 க்குப் பின் ஒருமுறையும் கடலைக் கடக்கவில்லை.

ஆண்டுப் பயணச் சுற்று

பேராயரான பின்னர் அஸ்பரியின் வாழ்க்கை ஒரு நிலையான பருவச் சுற்றாக அமைந்தது. 1800 க்குப் பிந்தைய ஆண்டுகளில் இவர் பெரும்பாலும் குளிர்காலத்தைத் தென் கரோலினா, ஜார்ஜியா ஆகிய தென் மாநிலங்களில் கழிப்பார். பின்பு வர்ஜீனியா வழியாக வடக்கு நோக்கிச் சென்று, இளவேனிலில் பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய நகரங்களையும், கோடைத் தொடக்கத்தில் நியூ இங்கிலாந்து பகுதியையும் அடைவார். கோடை முடிவில் அலெகெனி மலைத்தொடரைத் தாண்டி மேற்கே ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி பகுதிகளுக்குச் செல்வார். பனி விழுந்து வழிகள் அடைபடுமுன் மீண்டும் மலையைக் கடந்து தெற்கே இறங்குவார். வழியில் ஒவ்வொரு பகுதியிலும் போதகர்களின் ஆண்டு மாநாட்டைத் தலைமையேற்று நடத்தி, அடுத்த ஆண்டுக்கு எவர் எங்கே செல்வது என அறிவிப்பார்.

இச்சுற்றின் நீளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மைல் ஆகும். வாழ்நாளில் இவர் பயணம் செய்த தொலைவைச் சிலர் 1,30,000 மைல் என்றும், வேறு சிலர் 2,70,000 மைல் என்றும் கணக்கிடுகின்றனர். மலைத்தொடரை அறுபது முறையளவில் கடந்துள்ளார். 1788 இல் டென்னசியின் ஹோல்ஸ்டன் பள்ளத்தாக்குக்கும், 1790 இல் கென்டக்கிக்கும் முதன்முறையாகச் சென்றார். 1810 இல், அறுபத்தைந்து வயதில், கடலூச்சி என்னும் கரடுமுரடான மலைப்பாதை வழியாக வட கரோலினாவுக்குள் இறங்கினார். இப்பயணத்தில் உடனிருந்த ஹென்றி போஹம், 1808 முதல் 1813 வரை இவரது பயணத் துணைவராக இருந்தவர். ஜெர்மன் மொழி பேசும் ஊர்களில் போஹம் அம்மொழியில் போதித்தார்.

இவருக்கு நிலையான முகவரி இல்லாததால், அமெரிக்காவில் உள்ள பேராயர் அஸ்பரிக்கு என்று மட்டும் எழுதினாலே கடிதம் இவரைச் சேர்ந்துவிடும் என்று சொல்லப்படுவதுண்டு. சாலையோர விடுதிகளிலும், ஒரே அறை கொண்ட மரவீடுகளிலும், பலர் நெருக்கியடித்துப் படுத்திருக்கும் தரையிலும் இவர் இரவுகளைக் கழித்தார். காய்ச்சல், தொண்டைப் புண், மூட்டுவாதம் ஆகியவை இவரைத் தொடர்ந்து வாட்டின. 1797 இல் நோய் முற்றியதால் பயணத்தைப் பெருமளவு குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

முகாம் கூட்டங்கள்

1801 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் கேன் ரிட்ஜ் என்னும் இடத்தில் நடந்த பெருங்கூட்டத்திற்குப் பின், முகாம் கூட்டங்கள் நாடெங்கும் பரவின. வேளாண் வேலைகள் ஓய்ந்திருக்கும் கோடைக் கடைசியில், தொலைவிலிருந்து குடும்பங்கள் வண்டிகளில் வந்து, காட்டுவெளியில் கூடாரம் அடித்துப் பல நாட்கள் தங்கிப் போதனை கேட்பது இதன் முறை. அஸ்பரி இதனை முழுமையாக ஆதரித்தார். இதனைப் பெரிய வலை வீசி மீன் பிடிப்பதற்கு ஒப்பிட்ட இவர், தம் பொறுப்பில் உள்ள எல்லாப் பகுதிகளிலும் இவ்வகைக் கூட்டங்களை நடத்தப் போதகர்களைத் தூண்டினார்.

பெற்றோரும் தாயகமும்

அஸ்பரி தம் பெற்றோருக்குத் தொடர்ந்து கடிதம் எழுதி வந்தார். இயன்ற போதெல்லாம் பணமும் அனுப்பினார். சுற்றுப்பயணப் போதகர் ஒருவருக்கு அக்காலத்தில் ஆண்டுக்கு 64 டாலர் மட்டுமே ஊதியமாக வழங்கப்பட்டது. 1800 இல் இது 80 டாலராக உயர்த்தப்பட்டது. பேராயருக்கும் இதே ஊதியமே. பெற்றோரும் கிரேட் பார் வீட்டை மெதடிஸ்த கூட்டங்களுக்குத் திறந்துவிட்டிருந்தனர். அவர்களுடைய மகன் பிறர் வீடுகளில் தங்கிப் போதித்துக்கொண்டிருந்த காலத்தில், வழிப்போக்கரான போதகர்கள் இவ்வீட்டில் தங்கிச் சென்றனர்.

தந்தை 1798 இல் காலமானார். தாயார் 1802 ஜனவரி 6 அன்று மறைந்தார். அச்செய்தி இளவேனிலில், அஸ்பரி பால்டிமோரில் இருந்தபோதே இவரை எட்டியது. மகன் புறப்பட்டு முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்கிடையில் பெற்றோரில் எவரையும் இவர் நேரில் காணவில்லை. தம் நாட்குறிப்பில் தாயாரைப் பற்றி நீண்ட குறிப்பொன்றை எழுதிய அஸ்பரி, மகளை இழந்த துயரமும், நூல் வாசிப்பும், போதகர்களுக்குக் கதவைத் திறந்து வைத்த விருந்தோம்பலுமாக அவரது வாழ்க்கையை நினைவுகூர்ந்தார்.

அஸ்பரி மணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணங்களை 1804 ஜனவரியில் நாட்குறிப்பில் வரிசைப்படுத்தியுள்ளார். முப்பதாவது வயதில் ஐரோப்பா திரும்ப எண்ணியிருந்ததாகவும், போர் அதனைத் தடுத்துவிட்டதாகவும் அதில் குறிப்பிடுகிறார். அமைதி திரும்பியபோது பேராயர் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரங்களில் ஒரு வாரம் மட்டுமே கணவனுடன் வாழ இசையும் பெண்ணை எதிர்பார்க்க முடியாது என்றும், அவ்வாறு மனைவியை விட்டுப் பிரிந்திருப்பது முறையாகாது என்றும் கருதினார். கையிலிருந்த சிறிதளவு பணமும் தம் ஐம்பத்தேழாவது வயது வரை தாயாரின் தேவைக்கே சென்றது என்பது மற்றொரு காரணம்.

விமர்சனங்கள்

அஸ்பரி தமக்கு விதித்துக்கொண்ட வாழ்க்கை முறையையே தம் கீழ் இருந்த போதகர்களிடமும் எதிர்பார்த்தார். போதகர் ஒருவர் மணம் முடித்தால், குடும்பத்தைக் காக்க ஓரிடத்தில் தங்கிவிடுவது பெரும்பாலும் நடந்தது. எனவே இளம் போதகர்களின் திருமணங்களை இவர் வருத்தத்துடனேயே நோக்கினார். 1809 இல் வர்ஜீனியா மாநாட்டைச் சேர்ந்த 84 போதகர்களில் மூவர் மட்டுமே மணமானவர்கள் என இவர் குறித்துள்ளார். கடும் பயணத்தாலும் நோயாலும் இளம் வயதிலேயே இறந்த போதகர்கள் பலர்.

போதகர்களைத் தாமே தனித்து நியமிக்கும் இவரது அதிகாரத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை போதகர்களுக்கு வேண்டும் என்று ஜேம்ஸ் ஓகெல்லி என்பவர் 1792 இல் கோரினார். அது தோற்கடிக்கப்பட்டதும் அவர் தம் ஆதரவாளர்களுடன் பிரிந்து சென்றார்.

அடிமை முறை தொடர்பான இவரது நிலைப்பாடும் விவாதத்துக்கு உள்ளாகிறது. 1784 மாநாடு, உறுப்பினர்கள் தம் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என விதி செய்தது. 1785 மே மாதம் அஸ்பரியும் கோக்கும் ஜார்ஜ் வாஷிங்டனைச் சந்தித்து, அடிமைகளின் விடுதலைக்கான மனுவுக்கு ஆதரவு கோரினர். ஆனால் தெற்கில் கடும் எதிர்ப்பு எழுந்ததால், விதி சில மாதங்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. தென் மாநிலங்களில் அடிமைகளை அணுகிப் போதிக்கும் வாய்ப்பை இழக்கக் கூடாது என்னும் காரணத்தால் அஸ்பரி படிப்படியாக விட்டுக்கொடுத்தார். 1808 இல் தென் கரோலினாவுக்காக அடிமை முறை பற்றிய பகுதி நீக்கப்பட்ட விதிநூலை அச்சிட இசைவு தரப்பட்டது. அதே வேளையில், கறுப்பினப் போதகரான ஹாரி ஹோசியர் இவருடன் பயணம் செய்து போதித்துள்ளார். 1799 இல் ரிச்சர்ட் ஆலனை உதவிக்குருவாகத் திருநிலைப்படுத்தியவரும் அஸ்பரியே. ஆலன் பிற்காலத்தில் ஆப்பிரிக்க மெதடிஸ்த எபிஸ்கோபல் திருச்சபையின் முதல் பேராயரானார்.

இறுதிக்காலம்

முதுமையில் குதிரையேற இயலாத நிலையில் அஸ்பரி சிறு வண்டியில் பயணத்தைத் தொடர்ந்தார். 1808 இல் வில்லியம் மெக்கெண்ட்ரி இணைப் பேராயராகத் தெரிவு செய்யப்பட்டபோதும், இவர் பயணச் சுற்றைக் கைவிடவில்லை. 1816 வசந்தத்திலும் வழக்கம்போல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். மே மாதம் பால்டிமோரில் நடக்கவிருந்த பொது மாநாட்டை அடைவது இவரது நோக்கமாக இருந்தது.

மார்ச் 24 அன்று வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் தம் கடைசிப் போதனையை நிகழ்த்தினார். நிற்கவும் வலுவின்றி இருந்ததால், வண்டியிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டு, மேசை மேல் அமர்ந்தபடியே பேசினார். மேலும் சில நாட்கள் பயணம் செய்தபின், வழியில் ஸ்பாட்சில்வேனியா என்னும் இடத்தில் ஜார்ஜ் அர்னால்டு என்பவரின் வீட்டில் மார்ச் 31 அன்று காலமானார். உடன் இருந்தவர் பயணத் துணைவர் ஜான் வெஸ்லி பாண்ட். முதலில் அவ்வீட்டாரின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்ட உடல், பொது மாநாட்டின் போது பால்டிமோருக்குக் கொண்டுவரப்பட்டு ஒரு தேவாலயத்தின் கீழ் வைக்கப்பட்டது. பின்னர் 1854 இல் அந்நகரின் மவுண்ட் ஆலிவட் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டது.

1773 இல் நடந்த முதல் அமெரிக்க மாநாட்டில் பதிவான மெதடிஸ்தர்களின் எண்ணிக்கை 1,160. அஸ்பரி இறந்த ஆண்டில் இது இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

நினைவும் தாக்கமும்

அஸ்பரி 1771 முதல் எழுதிய நாட்குறிப்பு 1821 இல் மூன்று தொகுதிகளாக வெளியானது. அக்கால அமெரிக்காவின் சாலைகள், ஆறுகள், குடியேற்ற மக்களின் வாழ்க்கை ஆகியவற்றை அறிய இது முக்கியமான ஆவணமாகும். இவரது பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டிய பெற்றோர் அமெரிக்காவில் ஏராளம். அக்குழந்தைகளுக்கு விவிலியப் பிரதி வழங்குமாறு இவர் தம் உயிலில் குறிப்பிட்டிருந்தார். நியூ ஜெர்சியில் உள்ள அஸ்பரி பார்க் நகரம் இவர் பெயரால் அமைந்தது. வாஷிங்டன் நகரில் குதிரை மேல் அமர்ந்த நிலையில் உள்ள இவரது சிலை 1924 இல் திறந்து வைக்கப்பட்டது.

இவருடைய சக கண்காணிப்பாளரான தாமஸ் கோக், இலங்கைக்கு மிஷனரிக் குழுவொன்றை அழைத்து வரும் வழியில், 1814 மே மாதம் இந்தியப் பெருங்கடலில் கப்பலிலேயே இறந்தார். எஞ்சியோர் இலங்கையை அடைந்து பணியைத் தொடங்கினர். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச், தாமஸ் ஸ்குவான்ஸ் ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர். இலங்கைத் தமிழரிடையே மெதடிஸ்த திருச்சபையின் வரலாறு இதிலிருந்தே தொடங்குகிறது.

கிரேட் பாரில் அஸ்பரி வளர்ந்த சிறு வீடு நினைவு இல்லமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. இவர் தம் குடும்பத்தினருடன் வாழ்ந்த கடைசி வீடு இதுவே.